இத்தாலிக்காரியின் பின்சீற்று

போன கிழமை ரிஸ்வி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தான். ரிஸ்வி என் முதலாளியின் மகன். நான் காலம் முழுக்க வேலை செய்த காத்தான்குடி மோட்டார் சைக்கிள் கராஜை இப்போது அவன்தான் நடத்துகிறான். "யோகண்ணன், நம்மட பின்சீற்றுச் சட்டத்த இனி நிப்பாட்டுவமாண்டு யோசிக்கிறன். புதுப் பொடியன்மார் ஏற மாட்டம் எண்டுறானுகள். பைக் கொண்டு வாற ஆக்களும் சிரிக்கிறாங்க. நீங்க என்ன செல்லுறீங்க?"

கைபேசியில் பேசிப் பதிவு செய்ய எனக்குப் பொறுமை கிடையாது. பாதியில் விரல் வழுக்கும், சொன்னதெல்லாம் போய்விடும். பிறகு யாரைத் திட்டுவது? அதனால் எழுதியே அனுப்புகிறேன். ரிஸ்வி, நீ கேட்டதற்கு ஆம், இல்லை என்று ஒரு வரியில் பதில் வராது. முழுவதும் வாசி. உன் பொடியன்களுக்கும் வாசித்துக் காட்டு.

அந்தச் சட்டம் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கராஜில் ஒரு பைக்கைத் திருத்தி முடித்தால், அதன் சொந்தக்காரர் ஓட்ட வேண்டும். அதில் கடைசியாக நட்டு இறுக்கினவன் பின்சீற்றில் ஏற வேண்டும். கல்லடிப் பாலம்வரை போய்த் திரும்ப வேண்டும். வந்து இறங்கியதும் முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "இன்னொருக்கா ஏறுவியா?" ஏறுவேன் என்றால் பைக் வீட்டுக்குப் போகும். மாட்டேன் என்றால் திரும்பவும் மேடைக்கு ஏறும். ஏன், எதற்கு என்று பிறகு பேசலாம். முதலில் பதில்.

முதலாளியின் பெயர் ஆதம்பாவா. மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருந்தாரே தவிர, வாழ்நாளில் ஒரு நாள்கூட மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் இல்லை. வீட்டிலிருந்து மிதி சைக்கிளில்தான் வருவார். வெள்ளைச் சாரனில் ஒரு பொட்டு கிறீஸ் இருக்காது. எங்களுக்கு முதுகைக் காட்டி, றோட்டைப் பார்த்தபடி ஸ்டூலில் இருப்பார். ஆனால் பின்னால் எவன் எந்த ஸ்பனரைக் கீழே போட்டான் என்று அவருக்குத் தெரியும். எங்களைச் சத்தம் போட்டு ஏசியதே இல்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நாங்கள் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்போம்.

சட்டம் வந்த கதை சின்னது. ஒரு மீன் வியாபாரியின் பின்சில்லு நட்டு சரியாக இறுக்கப்படாமல், மனிதன் மீன் பெட்டியோடு நடு றோட்டில் விழுந்தார். முழங்கை தேய்ந்ததோடு தப்பினார். எங்களில் இருவர், நீ இறுக்கினாய், நான் இறுக்கவில்லை என்று ஒருவனை ஒருவன் கைகாட்டிக்கொண்டு நின்றார்கள். முதலாளி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கிருந்து நட்டு இறுக்கினவன் பின்னுக்கு ஏறோணும். அப்ப யாரு இறுக்கினதெண்டு மறக்காது."

அவ்வளவுதான் சட்டம். எத்தனையோ பேருக்குப் பின்னால் ஏறி இருந்துவிட்டேன். நெல் வியாபாரி ஒருவரின் முதுகுக்குப் பின்னால் எனக்குப் பாதையே தெரிந்ததில்லை. ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் வரத் தொடங்கியபோது, அவர்களுக்குப் பின்னால் நாங்கள் எப்படி ஏறுவது என்று சிக்கல் வந்தது. அதற்கு முதலாளியின் மனைவி வந்தார். பாலம்வரை போய் வந்து, "பிறேக் கத்துது, முன் சில்லு ஆடுது, இந்தப் புள்ள கண்ணாடி பாக்காம திருப்புறாள்" என்று சொல்லிவிட்டுப் போவார். எங்கள் நான்கு மெக்கானிக்குகளை விட அந்த மனுசி சொன்னதில் பிழை குறைவு.

நான் வேலை பழகிய காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன், பிறகு ரியூப் ஒட்டினேன், பிறகு இன்ஜினுக்கு வந்தேன். எல்லோரும் அப்படித்தான். என் ஊர் ஆரையம்பதி, காத்தான்குடிக்கு அடுத்த ஊர். தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவில் கலவரம் வந்து, எல்லையைக் கடந்து நான் வேலைக்கு வர முடியாமல் போன காலமும் இருந்தது. அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்த அன்று முதலாளி ஸ்டூலில் இருந்தபடி மூலையைக் கைகாட்டினார். என் ஸ்பனர் பெட்டி துருப்பிடிக்காமல் ஒயில் பூசி வைக்கப்பட்டிருந்தது.

இனி இத்தாலிக்காரிக்கு வருகிறேன்.

காத்தான்குடியில் அண்ணனுக்குக் காக்கா, அக்காவுக்கு ராத்தா. நிஸ்தார் காக்கா கட்டாரில் துறைமுகக் கிரேன் ஓட்டியவர். ஊரோடு வந்து இருக்க முடிவு செய்தபோது மற்றவர்கள் போல பெரிய ரீவி, சோபா என்று கொண்டு வரவில்லை. ஒரு பழைய இத்தாலிப் பந்தய பைக்கைக் கொண்டு வந்தார். கம்பனிப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எவனாவது அதன் சரித்திரத்தைத் தேடிக்கொண்டு என்னோடு சண்டைக்கு வருவான். சிவப்புப் பெற்றோல் ராங்கி, வெயிலில் கொஞ்சம் வெளிறியது. முன்னால் ஒன்றும் மேலே ஒன்றுமாகப் படுத்தும் நிமிர்ந்தும் கிடக்கிற இரண்டு சிலிண்டர்.

முதல் நாள் அவர் அதைக் கராஜ் வாசலில் கொண்டு வந்து நிறுத்தியபோது, பால்மா ரின்னுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். முதலாளி ஸ்டூலிலிருந்து எழும்பியே விட்டார்.

"நிப்பாட்டு! நிப்பாட்டு மனே! உள்ளுக்கு என்னமோ உடைஞ்சி கிடக்கு!"

நிஸ்தார் காக்கா சிரித்தார். "உடையல்ல காக்கா. இதுட குரலே இதான்."

உண்மை. மற்ற பைக்குகளின் கிளச் ஒயிலில் குளித்துக்கொண்டிருக்கும். இவளுடையது காய்ந்த கிளச். அதனால் எந்நேரமும் கலகலவென்று பேசிக்கொண்டே இருப்பாள். காத்தான்குடியில் நிஸ்தார் காக்காவை மறித்து, "தம்பி, உங்கட இன்ஜினுக்க என்னமோ கழண்டிட்டு" என்று சொல்லாத மனிதர் இல்லை.

அவளைத் திருத்துவதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நிஸ்தார் காக்கா ஒரு கைநூல் கொண்டு வந்திருந்தார். படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். மற்ற இன்ஜின்களில் வால்வைத் திறக்க ஒரு கை இருக்கும், மூடுவதை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். இவளுக்கு ஸ்பிரிங் மேல் நம்பிக்கை இல்லை. திறக்க ஒரு கை, மூட இன்னொரு கை. ஆகவே ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு இடைவெளி அளக்க வேண்டும். இடைவெளி பிசகினால் நடுவில் இருக்கும் சின்னத் தொப்பியை மாற்ற வேண்டும். அந்தத் தொப்பி இலங்கையில் எங்கே இருக்கிறது? அதனால் தடித்த தொப்பிகளாக வரவழைத்து, கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாளை விரித்து, இரண்டு சொட்டு ஒயில் விட்டு, வட்டம் வட்டமாகத் தேய்ப்பேன். தேய்ப்பது, துடைப்பது, அளப்பது, திரும்பவும் தேய்ப்பது. கொஞ்சம் கூடத் தேய்த்துவிட்டால் அது குப்பைக்கு. அவசரக்காரனுக்கு ஏற்ற வேலை இல்லை. நான் அவசரக்காரன்தான், ஆனாலும் செய்தேன்.

வால்வுகளை இயக்குவது இரண்டு றப்பர் பெல்ட். அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் முட்டும், இன்ஜின் முடிந்தது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெல்ட்டுக்கு வயது போகும். மாற்றியே ஆக வேண்டும். புதிய பெல்ட்டைப் போட்டு, அதற்கும் உருளைக்கும் இடையில் ஆலன்கீ ஒன்றை நுழைத்துப் பார்ப்பேன். சொன்ன அளவு ஆலன்கீ இலேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், அதற்கு அடுத்த பெரியது போகவே கூடாது. இதோடு எங்கள் ஊர்க் காற்று வேறு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. வயர் முனைகள் பச்சை பிடிக்கும், அலுமினியம் வெள்ளை பூக்கும். கடற்கரை றோட்டில் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் நிஸ்தார் காக்காவுக்கு என்னிடம் ஏச்சுத்தான்.

ஓட்டுவதும் அப்படித்தான். குனிந்து, ராங்கியைக் கட்டிப்பிடித்தபடி இருக்க வேண்டும். ஹாண்டில் கொஞ்சம்தான் திரும்பும். அவளைத் திருப்ப ஒரு சந்தியே வேண்டும். ஊருக்குள் மாடு, ஓட்டோ, பேரீச்ச மரத்துக்குக் கீழே நின்று கதைக்கிற ஆட்கள், இவர்கள் நடுவில் அவள் முறைத்துக்கொண்டும் சூடாகிக்கொண்டும் வருவாள். ஆனால் ஒருமுறை பெல்ட் மாற்றிய பிறகு, நிஸ்தார் காக்கா சாவியை என் கையில் தந்து, "வாழைச்சேனை மட்டும் போய்ட்டு வா" என்றார். ஏறாவூரும் செங்கலடியும் தாண்டி றோட்டு நேராகத் திறந்த இடத்தில் முறுக்கினேன். அதுவரை முனகிக்கொண்டிருந்த இன்ஜின் ஒரே குரலுக்கு வந்தது. அம்மாடி! ஹெல்மெற்றுக்குள் நான் சத்தமாகச் சிரித்தேன். பெண்சாதியிடம்கூட இதைச் சொல்லவில்லை. இப்போது வாசித்தால் வாசிக்கட்டும்.

ஆனால் பின்சீற்று? அவளுக்குப் பார்க்க ஒரே சீற்றுத்தான். பின்னால் கூரான சிவப்பு மூடி. "இதுக்குச் சட்டம் செல்லாது முதலாளி, ஏற இடமில்லை" என்று நான் சந்தோசமாகச் சொன்னேன். நிஸ்தார் காக்கா அந்த மூடியின் திருகாணிகளைக் கழற்றினார். அடியில் உள்ளங்கை அளவில் ஒரு மெத்தை. கால் வைக்கிற கம்பி சைலன்சருக்கு மேலே எங்கேயோ. நான் ஏறி இருந்தபோது முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்தது. கராஜில் இருந்தவர்கள் எனக்கு "தவளை" என்று பெயர் வைத்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்காமல் கேட்டார், "இன்னொருக்கா ஏறுவியா?" இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஏறுவன்" என்றேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நிஸ்தார் காக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்தது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். இடப்பக்கம் இழுத்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி ஜெசீமா ராத்தா அவருடைய இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு நடந்தார், பேச்சும் தெளிந்தது. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. டொக்டர் பயிற்சி செய்தால் வரும் என்றாராம். பிசியோதெரப்பிப் பிள்ளை ஒரு பந்தைக் கொடுத்து அமத்தச் சொல்லியிருந்தாள். நிஸ்தார் காக்கா அந்தப் பந்தை ஜன்னலால் எறிந்துவிட்டார். "நான் என்ன கைக்குழந்தையா?" என்று கேட்டாராம்.

இத்தாலிக்காரி எங்கள் கராஜின் மூலையில் போர்வைக்குள் கிடந்தாள். ஒரு நாள் நிஸ்தார் காக்கா ஓட்டோவில் வந்து இறங்கினார். போர்வையை வலது கையால் இழுத்துப் போட்டுவிட்டு, இடது கையால் கிளச்சைப் பிடித்தார். அது அசையவில்லை. நல்ல கைக்காரனுக்கே கடினமான கிளச் அது.

"யோகன், இத லேசாக்கித் தா. மத்ததெல்லாம் நான் பாத்துக்குவன்."

செய்கிறேன் என்றேன். எனக்கும் அவள் சத்தத்தைக் கேட்க ஆசையாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் ஜெசீமா ராத்தா தனியாக வந்தார். அதற்கு முன்பு அவர் கராஜுக்குள் கால் வைத்ததே இல்லை. முதலாளிக்கு ஸலாம் சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, அவருக்கிட்ட பைக்குக்குச் சாமான் இல்லெண்டு செல்லுங்க. கட்டாருலயும் இல்லையாம், இத்தாலியிலயும் இல்லையாமெண்டு செல்லுங்க. உங்களுக்குப் பொய் செல்ல ஏலாட்டி நான் செல்லிக்கிறன், நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க."

"ராத்தா..."

"அவருக்கு ஒண்டு நடந்தா நான் தனிச்சிப் போயிருவன் தம்பி. எனக்கிட்ட வேற ஆரும் இல்ல."

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பது எனக்குத் தெரியும். முதலாளி பால் விடாத பிளேன்ரீ வரவழைத்து ராத்தாவுக்குக் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"மகள், சாமான் இரிக்கி. இல்லெண்டு நம்மளால செல்ல ஏலா. ஆனா பின்னுக்கு யோகன் ஏறுவான். அவன் ஏற மாட்டனெண்டு செல்லினா, மோட்டார் சைக்கிள் இந்த வாசலத் தாண்டாது."

ராத்தா என் முகத்தைப் பார்த்தார். "உள்ளதச் செல்லுவீங்களா?"

"ஓம் ராத்தா."

சொல்லிவிட்டேன். ஆனால் அவர் போன பிறகுதான் விசயம் விளங்கியது. அதுவரை நான் பைக்குக்குத்தான் பதில் சொல்லிப் பழகியவன். இப்போது ஒரு மனிதனின் கைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கிளச்சை முழுவதும் கழற்றினேன். கிளச்சைத் தள்ளுகிற சின்னச் சிலிண்டரின் றப்பர் காய்ந்திருந்தது, அதை மாற்றினேன். இந்தக் கிளச்சுக்குள்ளும் பிறேக் ஒயில்தான், பழையதை எடுத்துப் புதியது விட்டு, காற்றை வெளியேற்றினேன். தட்டுகள் வழுக்கிப் போகிற கிளச் கூடையின் இரும்பு விரல்களில் வெட்டு விழுந்திருந்தது, அரத்தால் மென்மையாக எடுத்தேன். புளியந்தீவில் லேத் வைத்திருக்கிறவரிடம் கொடுத்து, அந்தச் சின்னச் சிலிண்டரைப் போல, கொஞ்சம் பெரியதாக இன்னொன்று கடைந்து வாங்கிப் போட்டேன். பெரியதாக இருந்தால் கைக்குப் பாரம் குறையும். ஆனால் அளவு மீறினால் கிளச் முழுவதும் விடாது, கியர்ப் பல் மாற்றும்போது கடகடக்கும். கடைசியில் இருப்பது ஆறு ஸ்பிரிங். அதில் இரண்டைக் கழற்றிவிடலாம் என்று ஒருவன் சொன்னான். கழற்றினால் லேசாகும்தான், ஏற்றத்தில் வழுக்கும். அதைச் செய்ய மாட்டேன் என்றேன். ஆறையும் எதிரெதிராக இறுக்கினேன். அதற்கு மேல் அந்த இரும்பிடம் கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

நிஸ்தார் காக்கா வந்தார். நான் மூடியைக் கழற்றிப் பின்னால் ஏறினேன். பாலம்வரை அருமையாகப் போனார். எனக்குப் பயமெல்லாம் போய்விட்டது. ராத்தாவிடம் நல்ல செய்தி சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். திரும்பி வரும்போது நாவற்குடாவில் இரண்டு தடவை நிறுத்த வேண்டி வந்தது. காத்தான்குடிக்குள் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் றோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். முதல் பல்லில் கிளச்சைப் பிடித்தபடி காத்திருந்தார். அவர் இடது தோள் நடுங்கத் தொடங்கியதைப் பின்னால் இருந்து கண்டேன். "காக்கா, நியூட்ரலுக்குப் போடுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் விரல்கள் விட்டுவிட்டன.

பைக் துள்ளிப் பாய்ந்தது. அவர் வலது கை பிறேக்கைப் பிடித்துவிட்டது, அதுதான் காப்பாற்றியது. முன்சில்லு ஒரு பெரியவரின் கடைப்பையில் இடித்து நின்றது. பை கிழிந்து வெங்காயம் றோட்டெல்லாம் உருண்டது. பெரியவருக்கு ஒன்றுமில்லை. நான் இறங்கி வெங்காயத்தைப் பொறுக்கிக் கொடுத்தேன். மிச்சத் தூரத்துக்கு நான் தள்ளிக்கொண்டு வர, நிஸ்தார் காக்கா பக்கத்தில் நடந்து வந்தார்.

முதலாளி ஸ்டூலில் இருந்து திரும்பாமலே கேட்டார். "இன்னொருக்கா ஏறுவியா?"

நிஸ்தார் காக்கா என்னைப் பார்த்தார்.

"ஏற மாட்டன்" என்றேன்.

"யோகன், உனக்கு அவ்வளவு பயமா?"

"ஓம் காக்கா. பயம்தான்."

அவர் சாவியை முதலாளியின் மேசையில் வைத்தார். ஹெல்மெற்றையும் வைத்துவிட்டு ஓட்டோவில் போய்விட்டார். மறுநாள் ஜெசீமா ராத்தா எனக்கு வட்டிலப்பம் அனுப்பியிருந்தார். கராஜில் எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

சில நாள் அந்தக் கிளச் என் மண்டைக்குள் கிடந்து கலகலத்தது. அந்தக் கைக்குப் பலம் வேண்டும். ஆனால் பந்தை அமத்த மாட்டான் மனுசன். எதை அமத்துவான்? இதைத் தவிர வேறு எதை?

ஒரு முதிரைப் பலகை எடுத்தேன். உடைந்த ஹாண்டில் துண்டு ஒன்றை அதில் பொருத்தி, இத்தாலிக்காரியின் கிளச் கைப்பிடியையும் ஹோசையும் பழைய சிலிண்டரையும் மாட்டினேன். சிலிண்டர் ஒரு தகட்டைத் தள்ளும், தகட்டை ஸ்பிரிங்குகள் பிடித்திருக்கும். பைக்கில் இருப்பது போலவே ஆறு ஸ்பிரிங்குக்கு இடம் வைத்தேன். ஆனால் எதிரெதிராக இரண்டை மட்டும்தான் போட்டேன். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் அவர் வீட்டு மண்டபத்து மேசையில் இறுக்கினேன்.

ஜெசீமா ராத்தா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி நீங்க! சாமான் இல்லெண்டு செல்லச் சென்னா, சாமானத் தூக்கிக்கு வந்து ஊட்டுக்குள்ள வைக்கிறீங்க!"

"ராத்தா, பைக் கராஜிலதான் கிடக்குது. கை இஞ்ச கிடக்குது. பந்தத்தான் அவர் எறிஞ்சிட்டார். இத எறிய மாட்டார்."

நிஸ்தார் காக்கா சாய்மனைக் கதிரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். என்னோடு பேச மாட்டாராம். வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே இருந்து அந்தக் கைப்பிடி கிறீச்சென்ற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

கொஞ்சக் காலம் போய் ராத்தா கராஜுக்கு வந்தார். "அடுத்த ரெண்டு சுருளத் தாங்க தம்பி. ரெண்டும் அவருக்குக் காணாதாம்."

எனக்கு நம்ப முடியவில்லை. நானே வந்து போடுகிறேன் என்றேன். "தேவல்ல, எனக்குக் காட்டித் தாங்க" என்றார். ஆலன்கீயை எப்படிப் பிடிப்பது, எதிரெதிரே எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது என்று காட்டினேன். "கழுத்த முறிச்சிராதீங்க ராத்தா, சின்னத் திருகாணி."

"இடியப்ப உரல் திருகுற கை தம்பி இது. எவ்வளவு இறுக்கிற, எங்க நிப்பாட்டுறெண்டு அதுக்குத் தெரியும்."

விசயத்தை அவர் வாயாலேயே கேட்டேன். காலையில் ஒரு முறை, அஸருக்குப் பிறகு ஒரு முறை காக்காவைக் கதிரையில் இருத்தி அமத்த வைப்பாராம். அவர் சலித்துப் போய் எழும்பினால் பிளேன்ரீ இல்லையாம். அமத்தி முடிந்ததும் நல்லெண்ணெய் தேய்த்து விரல் விரலாக நீவி விடுவாராம். "நேத்து சட்டைப் பொத்தான அவரே போட்டாரு தம்பி" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று அழுதார். நான் எமரித் தாளைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

கடைசி இரண்டு ஸ்பிரிங்குக்கு ராத்தா வந்தபோது ஆண்டு ஒன்று திரும்பியிருந்தது. முதலாளி தானே எழும்பி அவற்றை எடுத்துக் கொடுத்தார்.

பிறகு ஒரு நாள் இருவரும் சேர்ந்தே ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். டொக்டர் பார்த்து, ஓட்டலாம் என்று சொல்லியிருந்தார். நிஸ்தார் காக்கா ஸலாம் சொல்வதற்கு முன்பே இடது கையை நீட்டி என் கையைப் பிடித்து அமத்தினார். எலும்பு நொறுங்குகிற மாதிரி இருந்தது.

"சரி காக்கா, விளங்கிற்று! விடுங்க!"

இத்தாலிக்காரியைத் தயார் செய்தே வைத்திருந்தேன். புது பெல்ட், புது ஒயில், வேறு கிளச் கைப்பிடி, கிளச்சில் ஆறு ஸ்பிரிங். பின்மூடியைக் கழற்றிவிட்டு ஹெல்மெற்றை மாட்டினேன். பைக்கில் காலைத் தூக்கப் போனேன்.

"நில்லுங்க தம்பி" என்றார் ஜெசீமா ராத்தா. "நட்டு இறுக்கினவன்தானே ஏறோணும்?"

"ஓம் ராத்தா. நான்தான் இறுக்கினன்."

"சைக்கிள நீங்க இறுக்கினீங்க. கைய ஆரு இறுக்கின? மிச்ச நாலு சுருளும் நான் போட்டது. நான்தான் ஏறுவன்."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் ஸ்டூலை முழுவதும் எங்கள் பக்கம் திருப்பி இருந்தார். நான் அறிய அன்றுதான் அவர் றோட்டுக்கு முதுகு காட்டியது. "சட்டம் சரி" என்றார்.

செயின் வெளியே தெரிகிற பைக். அபாயா அதில் மாட்டினால் கதை வேறு. பழைய ரியூப்பில் வளையம் வளையமாக வெட்டி, இரண்டு கணுக்காலிலும் துணியை இறுக்கிக் கட்டச் சொன்னேன். என் ஹெல்மெற்றைக் கொடுத்தேன். ராத்தா அந்த உள்ளங்கை மெத்தையில் ஏறி, புருசனின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணை இறுக்க மூடியிருந்தார், உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. கலகலவென்று இத்தாலிக்காரி பேசத் தொடங்கினாள். கிளச் மெல்ல விட்டது. ஒரு துள்ளல்கூட இல்லை. பேரீச்ச மரங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அந்த நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதே ரிஸ்வி. சும்மா கிடந்த சில்லு ஒன்றைக் கழற்றித் திரும்பவும் பூட்டினேன். முதலாளி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். எத்தனை பைக் போனாலும் அந்தச் சத்தம் வேறு என்று எனக்குத் தெரியும். வந்தது. சந்தியில் நின்றது, ஆட்கள் கடந்தார்கள், நின்றது, நின்றுகொண்டே இருந்தது. கிளச்சைப் பிடித்திருக்கிறார். விரல் விடவில்லை. பிறகு மெதுவாக வாசலுக்கு வந்தது.

ராத்தா இறங்கினார். நேராக நிற்க முடியவில்லை, என் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஹெல்மெற்றைக் கழற்றியதும் முகமெல்லாம் வேர்வை.

முதலாளி கேட்டார். "மகள், இன்னொருக்கா ஏறுவியளா?"

"ஏற மாட்டன்" என்றார் ராத்தா.

நிஸ்தார் காக்காவின் முகம் செத்துப் போய்விட்டது. எனக்கு உள்ளுக்குள் இடிந்துவிட்டது. சட்டம் சட்டம்தானே.

"ஏன் மகள்? கை விட்டுட்டா?"

"கைக்கு என்ன? கை இரும்பு மாதிரி இரிக்கி. இந்தச் சீற்றில மனிசன் இரிப்பானா? முழங்கால் செத்துப் போச்சு! பெரிசா ஒரு சீற்றுப் போட்டுத் தந்தா, ஏறுறன்."

முதலாளி சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். நிஸ்தார் காக்கா ராங்கியில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாரா அழுதாரா, எனக்குத் தெரியாது.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தச் சிவப்பு மூடியின் அழகு என்ன, கூர் என்ன! அதை எடுத்து எறிந்துவிட்டு ஸ்கூட்டருக்குப் போடுகிற மாதிரி அகலச் சீற்றா? ஆனாலும் செய்தேன். பைக்கின் பின் சட்டகத்தில் கம்பி வைத்து ஒட்டினேன், கால் கம்பியைக் கீழே இறக்கினேன், நல்ல பஞ்சு வைத்துக் கறுப்பு றெக்சினில் தைப்பித்தேன். இத்தாலிக்காரன் எவனாவது பார்த்தால் என்னைக் கோர்ட்டுக்கு ஏற்றுவான். வயது போய் வேலையை விட முன் கராஜில் நான் செய்த கடைசி வேலை அதுதான்.

கடைசி நட்டை இறுக்கியது நான். ஆகவே சட்டப்படி நான்தான் ஏற வேண்டும். ஹெல்மெற்றை எடுக்க உள்ளே போய்த் திரும்பி வந்தால், ராத்தா ரியூப் வளையங்களைக் கட்டிக்கொண்டு ஏறி இருக்கிறார்.

"இறங்குங்க ராத்தா. இத நான்தான் இறுக்கினன். முதல்ல நான் ஏறிப் பாக்கோணும், சட்டம் அது."

"உங்கட சட்டத்த நீங்களே வெச்சிக்கோங்க தம்பி" என்றார். பிறகு புருசனின் முதுகில் தட்டினார். "எடுங்க, நேரம் போகுது. வாழைச்சேனைக்குப் போவம்."

கலகலத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாமான் இல்லையென்று பொய் சொல்லச் சொல்லி என்னிடம் வந்த மனுசி.

ஆகவே ரிஸ்வி, பின்சீற்றுச் சட்டத்தை நிப்பாட்டலாமா என்று என்னிடம் கேட்காதே. அதை முதலில் மீறியவர் ஜெசீமா ராத்தா. அவரிடமே போய்க் கேள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் போகாதே. வீட்டில் அவரும் இருக்க மாட்டார், இத்தாலிக்காரியும் இருக்க மாட்டாள்.